ராஜபாளையம் குட்டி வாங்கும் முன்: பொறுப்பான நாய் வளர்ப்பாளரை அறிவது எப்படி?

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் குட்டியைத்தான் பார்க்கிறார்கள். எட்டு வாரக் குட்டி எந்த இனமானாலும் அழகாகத்தான் இருக்கும் என்பதால், அந்தப் பார்வையில் தெரியவருவது மிகக் குறைவு. அது வளர்ந்தபின் எப்படிப்பட்ட நாயாக இருக்கும், காது சரியாகக் கேட்குமா, அந்நியரைக் கண்டால் நிதானமாக நிற்குமா நடுங்குமா என்பவற்றில் பெரும்பகுதி அதன் தாயாலும் அந்தத் தாயை வைத்துப் பராமரிப்பவராலும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்ற பழமொழி பெண் பார்க்கும் விஷயத்தில் இன்று எடுபடாது. நாய்க்குட்டி விஷயத்தில் அப்படியே பொருந்தும்.

இக்கட்டுரையில் தமிழ்நாட்டின் வெள்ளை நிற நாட்டு இனமான ராஜபாளையம் நாயை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு உள்நாட்டு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றுள் ராஜபாளையமும் ஒன்று. பின்னர் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் சிப்பிப்பாறையோடு சேர்த்து இதையும் தனி இனமாகப் பதிவு செய்தது. பெயர் பரவியதும் தேவை கூடியது. தேவை கூடியதும், வீட்டில் ஒரு வெள்ளைப் பெட்டையும் பக்கத்துத் தெருவில் ஒரு வெள்ளைக் கடுவனும் இருந்தாலே போதும் என்று இணை சேர்ப்பவர்களும் கூடினார்கள். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களை வாங்குவோருக்கும் இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

நேரில் போகும் முன்

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகள் பலவும் அதிலேயே இருக்கின்றன. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவுச் சான்றிதழை வளர்ப்பகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டை நாயைப் பதினெட்டு மாதத்துக்கு முன்பும் எட்டு வயதுக்குப் பின்பும் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அது குட்டி போடக் கூடாது. வாழ்நாள் முழுவதும் சேர்த்து ஐந்து ஈற்றைத் தாண்டக் கூடாது. விற்கும் முன் குட்டிக்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் கொண்ட சிறு சில்லு) பொருத்த வேண்டும்.

பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அதன்பின் பாலூட்டும் காலம். ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்தால் அந்த நாயின் உடம்பு தேறுவதற்கு இடைவெளியே கிடைக்காது. ஆகவே, “இந்தத் தாய் இதற்கு முன் எப்போது குட்டி போட்டது, இது எத்தனையாவது ஈற்று?” என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர் மாதத்தோடு சொல்லிவிடுவார். “அதெல்லாம் எதுக்கு சார், குட்டி நல்லா இருக்கா பாருங்க” என்று பதில் வந்தால், அந்த அழைப்பை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு கேள்வியும் உதவும்: “இப்போது உங்களிடம் எந்தெந்த இனக் குட்டிகள் இருக்கின்றன?” ராஜபாளையம், ராட்வைலர், பக், ஹஸ்கி, லேப்ரடார் எல்லாம் கைவசம் இருக்கின்றன, எப்போது கேட்டாலும் கிடைக்கும் என்று சொல்பவர் பெரும்பாலும் தரகராக இருப்பார், அல்லது பெட்டைகளைக் கூண்டில் அடைத்துக் குட்டி போட வைத்துக்கொண்டிருப்பார். ஓர் இனத்திலோ இரண்டு இனங்களிலோ ஆழமாக ஈடுபட்டிருப்பவரிடம் குட்டி உடனே கிடைப்பது அரிது; அடுத்த ஈற்று வரை காத்திருக்கச் சொல்வார். அந்தக் காத்திருப்பை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரங்களில் வரும் “டபுள் போன்”, “ஹெவி போன்” (தடித்த எலும்பு என்ற பொருளில்), “ஒரிஜினல் லைன்” போன்ற சொற்களுக்கு விலையை உயர்த்துவதைத் தவிர வேறு பயன் கிடையாது. எந்த இனத்தின் அங்கீகரிக்கப்பட்ட இலக்கணத்திலும் டபுள் போன் என்றொரு வகை இல்லை. படத்தை மட்டும் அனுப்பி முன்பணம் கேட்பவர், பணம் போனபின் வண்டிச் செலவு, கூண்டுச் செலவு என்று மேலும் மேலும் கேட்பவர் ஆகியோரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள் என்பது போதும். “நீங்கள் இவ்வளவு தூரம் வரவேண்டாம், மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்” என்பது கேட்பதற்கு உபகாரம் போலத் தோன்றும். உண்மையில் அது, குட்டி பிறந்த இடத்தையும் தாயையும் நீங்கள் பார்க்காமல் இருப்பதற்கான ஏற்பாடாக இருக்கலாம். எவ்வளவு தொலைவானாலும் ஒருமுறை அந்த இடத்துக்கே போய் வாருங்கள்.

தாயைப் பார்ப்பது

போகிற நாளில் ஒரே ஒரு வளர்ப்பகத்துக்கு மட்டும் போங்கள். குட்டிகளுக்கு உயிரைப் பறிக்கும் வாந்தி, கழிச்சல் நோயைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கக்கூடியது. ஓரிடத்தில் மிதித்த செருப்போடு அடுத்த இடத்துக்குப் போனால் நோயை நீங்களே சுமந்து செல்பவராகிவிடுவீர்கள். செருப்பை வெளியே விடச் சொல்லி, கைகால் கழுவிவிட்டு வரச் சொல்லும் வளர்ப்பாளர் உங்களை அவமதிக்கவில்லை. தடுப்பூசி முடியாத குட்டிகளைக் காப்பாற்றும் முறை தெரிந்தவர் அவர்.

உள்ளே போனதும் குட்டிகள் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறாரா, அல்லது உங்களை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு குட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறாரா என்பதைக் கவனியுங்கள். தாயும் குட்டிகளும் சேர்ந்து இருக்கும் காட்சியைப் பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தாய் கடிக்கும், தாய் வேறு ஊரில் இருக்கிறது, தாயைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம் என்ற பதில்கள் வழக்கமானவை. இவற்றில் ஏதோ ஒன்று எப்போதாவது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் இன்னொரு நாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

சில இடங்களில் வேறொரு பெட்டையைக் காட்டித் தாய் என்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எட்டு வாரம் வரை பால் கொடுத்த நாயின் மடி தளர்ந்து தொங்கியிருக்கும். காம்புகள் நீண்டு தடித்திருக்கும். குட்டிகளின் நகங்கள் கீறிய சிறு தழும்புகள் காம்புகளைச் சுற்றித் தென்படும். ரோமமும் உதிர்ந்து சற்றே மெலிந்துதான் இருக்கும், அது இயல்பு. வயிறு ஒட்டி, மடி சப்பையாக, பளபளக்கும் ரோமத்தோடு நிற்கும் பெட்டை, நேற்றுவரை ஏழெட்டுக் குட்டிகளுக்குப் பாலூட்டியது என்றால் நம்புவது கடினம். குட்டிகளை அதன் அருகே விட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: குட்டிகள் பால் தேடி முட்டுவதும், தாய் அவற்றை முகர்ந்து நக்குவதும் நடிக்க வைக்க முடியாதவை. மடி வற்றிய தாய் பாலுக்கு முட்டும் குட்டியை உறுமி விலக்கலாம்; அதுவும் தாய்மையின் ஒரு பகுதிதான்.

மெலிவு இயல்பு என்றேனே தவிர, விலா எலும்புகள் தோலை முட்டிக்கொண்டு நிற்பதும், முழங்கை மூட்டில் சிமென்ட் தரை தேய்த்த புண்களும், காது மடலுக்குள் கொத்துக்கொத்தாக உண்ணிகளும் இயல்பல்ல. தமிழ்நாட்டின் வெப்பத்தில் உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா, பபீசியா நோய்கள் நாய்களுக்குப் பெருந்தொல்லை. தாயின் காதை மெல்ல விரித்துப் பாருங்கள். அங்கே உண்ணி நிறைந்திருந்தால், குட்டிகளின் காதிலும் விரல் இடுக்கிலும் விரைவில் அதுவே இருக்கும்.

சுபாவத்தையும் பார்க்க வேண்டும். ராஜபாளையம் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பழக்கப்பட்ட இனம். அந்நியரைக் கண்டதும் ஓடிவந்து கையை நக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. குரைக்கும், இடைவெளி விட்டு நிற்கும். ஆனால் வளர்ப்பவர் ஒரு வார்த்தை சொன்னதும் அடங்க வேண்டும். சில நிமிடங்களில் உங்களைச் சுற்றி வந்து முகர்ந்துவிட்டுத் தன் இடத்தில் படுக்க வேண்டும். வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு மூலையில் நடுங்கும் தாயின் குட்டிகளுக்கு அந்தப் பயம் பிறவியிலும் வரும், பார்த்துப் பழகியும் வரும். தன் சொந்தக்காரர் கையைத் தூக்கியதும் தாய் பதுங்குகிறது என்றால் அதற்கு விளக்கம் தேவையில்லை.

தந்தையைப் பார்க்க முடியாமல் போவது பெரிய குறை அல்ல. அக்கறையுள்ளவர்கள் நல்ல கடுவனைத் தேடி வெளியூருக்குப் பெட்டையைக் கொண்டுபோவது உண்டு. அந்தக் கடுவனுக்கும் பெட்டைக்கும் என்ன உறவு என்பதுதான் முக்கியம். எண்ணிக்கை குறைந்த உள்நாட்டு இனங்களில் அண்ணன் தங்கை, தந்தை மகள் என்று இணை சேர்ப்பது எளிதாக நடந்துவிடுகிறது. “ரத்தம் கலக்கக் கூடாது” என்று அதைப் பெருமையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மறைந்திருக்கும் பிறவிக் குறைகள் வெளிப்பட அதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை.

காது

ராஜபாளையம் வாங்குவோர் எதை விட்டாலும் இதை விடக் கூடாது. முழு வெள்ளை நிறமுள்ள நாய்களில் பிறவிச் செவிடு வருவது நன்கு அறியப்பட்ட ஒன்று. டால்மேஷனிலும் இதே சிக்கல் உண்டு. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாமல் போனால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடுகின்றன. அதன்பின் எந்தச் சிகிச்சையாலும் கேட்கும் திறன் திரும்பாது.

எட்டு வாரக் குட்டியிடம் இதை ஓரளவு நீங்களே சோதிக்கலாம். குட்டிகள் எல்லாம் கூட்டமாக இருக்கும்போது கைதட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஒன்று திரும்பினால் மற்றவையும் திரும்பும், செவிட்டுக் குட்டியும் கூடவே திரும்பும். நீங்கள் விரும்பும் குட்டியைத் தனியே விடச் சொல்லுங்கள். அது தூங்கும்போது சோதிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதன் பின்புறம் சில அடி தள்ளி நின்று, தரை அதிராமல், காற்று படாமல், நிழல் விழாமல் சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். கேட்கும் குட்டி காதை அசைக்கும், தலையைத் தூக்கும். சற்று நேரம் கழித்து வேறொரு திசையிலிருந்து வேறு ஓசையில், மெல்லிய விசில் போன்ற ஒன்றில், மீண்டும் சோதியுங்கள். ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நன்றாகக் கேட்கும் குட்டியும் பழகிப்போய்ச் சும்மா இருந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனையால் உறுதியாகக் கண்டறிய முடியாது. ஓசை வந்த திசையை விட்டு வேறு பக்கம் தேடினால் ஐயப்படலாம், அவ்வளவுதான். மூளை ஒலிக்கு எழுப்பும் மின் அலைகளைப் பதிவு செய்யும் கருவிச் சோதனையே இதற்கு முழு விடை தரும். அந்த வசதி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

இதைத் தொடர்ந்து வளர்ப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: “உங்களிடம் காது கேட்காத குட்டி பிறந்திருக்கிறதா, பிறந்தால் என்ன செய்கிறீர்கள்?” பல ஈற்றுகள் பார்த்த ஒருவர் “எங்கள் நாய்களுக்கு அப்படி ஒன்று வந்ததே இல்லை” என்று அடித்துச் சொன்னால், ஒன்று சோதித்ததில்லை, அல்லது சொல்ல விரும்பவில்லை என்று கொள்ளலாம். நேர்மையானவர், பிறந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பெற்றோரை மறுபடி இணை சேர்க்கவில்லை, அந்தக் குட்டியைக் கருத்தடை செய்து விவரம் சொல்லித் தெரிந்த வீட்டில் கொடுத்தோம் என்பது போல ஏதாவது சொல்வார். உடம்பில் புள்ளியோ திட்டோ உள்ள குட்டிகளின் கதி என்ன ஆகிறது என்பதையும் கேளுங்கள். விலை போகாத குட்டியை நடத்தும் விதத்தில் ஒருவரின் பொறுப்பு தெரிந்துவிடும்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு வாங்குவோர் காதுக்குப் பதிலாக, இந்த இனங்களில் பரம்பரையாக வரக்கூடிய இடுப்பு மூட்டுக் கோளாறைப் பற்றிக் கேட்க வேண்டும். பெற்றோர் இருவருக்கும், வளர்ச்சி முடிந்தபின், இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்துக் கால்நடை மருத்துவர் மதிப்பிட்டிருக்கிறாரா என்பதே கேள்வி. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களில் தாய் படுத்திருக்கும்போதே மூச்சு இரைகிறதா என்பதைக் கேளுங்கள், காதால்.

குட்டியும் காகிதங்களும்

இப்போது குட்டியைத் தூக்கலாம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். சாப்பிட்டபின் வயிறு உருண்டிருப்பது இயல்பு. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தால் குடற்புழு. தொப்புளில் மெத்தென்ற வீக்கம், ஆசனவாயைச் சுற்றி ஒட்டிக் காய்ந்த கழிச்சல், கண்ணில் பீளை, மூக்கில் சளி ஆகியவற்றை உடனே பார்த்துவிட முடியும். ஆண் குட்டியானால் விரைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். வயதைப் பற்றி ஐயம் வந்தால் வாயைத் திறந்து பாருங்கள்: முன்பற்களும் கோரைப்பற்களும் முழுதாக வெளிவந்து, பின்னால் கடைவாய்ப் பால் பற்களும் முளைத்திருந்தால் எட்டு வாரம் என்பதை நம்பலாம். கடைவாய் ஈறு வெறுமையாக வழுவழுப்பாக இருந்தால், ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்கிறார்கள்.

எட்டு வாரம் என்ற வரம்பு சும்மா வைக்கப்பட்டதல்ல. விளையாட்டில் அளவுக்கு மீறிக் கடித்தால் உடன்பிறந்த குட்டி கத்திக்கொண்டு விலகிவிடும், தாய் உறுமும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. ஐந்து வாரத்தில் பிரித்து எடுத்த குட்டிக்கு அந்தப் பாடத்தை உங்கள் குழந்தைகளின் கையை வைத்துத்தான் கற்பிக்க வேண்டியிருக்கும். மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை குட்டி உலகத்தைப் பழகும் காலம். மிக்ஸி ஓசை, குழந்தைகள், துடைப்பம், மோட்டார் சைக்கிள் எல்லாம் கண்டும் கேட்டும் வளர்ந்த குட்டி உங்கள் வீட்டுக்கு வந்து மிரளாது. கொட்டகையின் இருட்டில் வளர்ந்த குட்டிக்கு எல்லாமே அதிர்ச்சிதான்.

தடுப்பூசி அட்டையில் தேதிகள் எழுதியிருப்பது மட்டும் சான்று ஆகாது. ஊசி மருந்துக் குப்பியிலிருந்து கிழித்து ஒட்டிய, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள சிறு ஒட்டுச்சீட்டு அட்டையில் இருக்க வேண்டும். பக்கத்தில் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணுடன் கூடிய முத்திரையும் இருக்க வேண்டும். மருந்துக் கடையில் வாங்கித் தாமே ஊசி போட்டுவிட்டு அட்டையை நிரப்புகிறவர்கள் உண்டு. மருந்து குளிரில் வைக்கப்பட்டதா என்பது அவர்களுக்கே தெரியாது. டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் மற்றொரு கொடிய வைரஸ் நோய்), பார்வோ ஆகியவற்றுக்கான முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். அடுத்த ஊசிகள் மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும் என்பதால் அவை உங்கள் பொறுப்பு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி பொதுவாக மூன்று மாதத்தில் போடப்படுகிறது. “எல்லா ஊசியும் முடிந்துவிட்டது” என்று எட்டு வாரக் குட்டியைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. குடற்புழு நீக்க மருந்து இரண்டு வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தேதிகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் பலரையும் மயக்கும் காகிதம். அது ஒரு நாயின் வம்சாவளிப் பதிவு. ஆரோக்கியச் சான்று அல்ல. பெற்றோர் பெயர் பதிவாகாத சான்றிதழ்களும் உண்டு என்பதால், “பேப்பர் இருக்கிறது” என்றவுடன் திருப்தியடையாமல் தாத்தா பாட்டி வரை பெயர்களைப் படியுங்கள்; இருபுறமும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நெருங்கிய உறவில் இணை சேர்த்திருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் காகிதமே இல்லாமல் தலைமுறையாக நல்ல நாய் வளர்க்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களிடம் காகிதத்துக்குப் பதிலாகத் தாயின் தாய், முந்தைய ஈற்றில் பிறந்து அக்கம்பக்கத்தில் வளரும் நாய்கள் ஆகியவற்றைக் காட்டச் சொல்லலாம். வளர்ந்த நாயைக் கண்ணால் பார்ப்பது எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல. ஆனால் பதிவும் மைக்ரோசிப்பும் சட்டப்படி அவர்களுக்கும் உரியவையே.

அவர் உங்களைக் கேட்பவை

நல்ல வளர்ப்பாளர் உங்களையும் விசாரிப்பார். சொந்த வீடா வாடகை வீடா, சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், நாய்க்கு ஓட இடம் உண்டா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, இதற்கு முன் வளர்த்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு என்று தெரிந்ததும், “ராஜபாளையம் உங்களுக்குச் சரிப்படாது” என்று முகத்துக்கு நேரே சொல்பவரைக் கண்டு கோபப்படாதீர்கள். நாள் முழுவதும் கட்டிப்போட்டால் குணம் கெடும் நாய் அது. இனம் முக்கியமில்லை, வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், காப்பகங்களில் தத்துக்குக் காத்திருக்கும் நாட்டு நாய்க்குட்டிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அவை நம் வெயிலுக்குப் பழகியவை.

பணம் கொடுக்கும் நாள்

ரசீது எழுத்தில் வேண்டும். பிறந்த தேதி, பெற்றோர் விவரம், மைக்ரோசிப்பின் 15 இலக்க எண், போட்ட ஊசிகள், கொடுத்த தொகை, வளர்ப்பாளரின் பதிவு எண் ஆகியவற்றோடு, முதல் வாரத்துக்குள் மருத்துவர் தொற்றுநோயோ பிறவிக் குறையோ கண்டால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பதும் அதில் இருக்கட்டும். எந்த வயதிலும் உங்களால் வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடாமல் தன்னிடமே கொண்டுவந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போடுபவர் கிடைத்தால், விலை சற்றுக் கூடுதலானாலும் அவரிடமே வாங்குங்கள்.

வாங்கிய இரண்டு நாளுக்குள் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; சென்னையில் இருப்போருக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மைக்ரோசிப்பைக் கருவியால் படிக்கச் சொல்லி, வரும் எண்ணை ரசீதில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பார்வோ தொற்றி அறிகுறி தெரியச் சில நாள்கள் ஆகும் என்பதால், முதல் ஒரு வாரம் உணவை மறுக்கிறதா, வாந்தி எடுக்கிறதா, இரத்தம் கலந்து கழிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டு, வளர்ப்பாளருக்கும் சொல்லிவிடுங்கள். அதே ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகளை வாங்கிப் போன வீடுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும். வாங்கியவர்களின் எண்களைக் குறித்து வைத்திருக்கும் வளர்ப்பாளரால்தான் அதைச் செய்ய முடியும்.